கடலோரத்துக்கு ஷாக் வைத்த சைக்கிள் வேண்டாம்

போன வாரம் என் எம்டிபியின் (மலை சைக்கிள்) முன் ஷாக்கை, அதாவது முன் சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சி தாங்கும் ஃபோர்க்கை, கழற்றவேண்டி வந்தது. குரோம் பூசிய இரண்டு குழாயிலும் புள்ளி புள்ளியாகத் துரு. சீல் ரப்பருக்குள் புகுந்த மணல் கிரீஸோடு கலந்து, அம்மியில் அரைத்த மாதிரி குழாயைத் தேய்த்து வைத்திருந்தது. கடைக்காரர் சீல் மாற்றிவிட்டு, “கடக்கரையில ஓட்டுற வண்டிக்கு இது தாங்காது தம்பி” என்றார். இதை விற்கும்போது யாராவது சொல்லியிருக்கலாம்.

என் வண்டி எல்லோருக்கும் தெரிந்த ஆரம்ப நிலை ஹார்ட்டெயில்தான், முன்னால் மட்டும் ஷாக் இருக்கும் வகை. 27.5 அங்குல சக்கரம், 2.1 அங்குல டயர், 100 மில்லிமீட்டர் ஸ்பிரிங் ஷாக். வளைகுடா வேலைக்குப் போவதற்கு முன்னால் வாங்கியது. பல வருடம் கழித்து ஊர் திரும்பியதும் டயர், ட்யூப், பிரேக் கட்டை எல்லாம் மாற்றி எடுத்தேன். ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியிலிருந்து அரியமான் கடற்கரைப் பக்கம் இறங்கிய முதல் காலையிலேயே, இத்தனை காலம் இதை எப்படி விட்டு வைத்திருந்தேன் என்று ஆகிவிட்டது.

சவுக்குத் தோப்பைத் தாண்டினால் பாக் நீரிணை. ராமேஸ்வரம் பக்கம் பெண் கடல் என்பார்கள், அலை அடங்கியே இருக்கும். தார் ரோட்டில் டயரின் காற்றழுத்தத்தை 40 பி.எஸ்.ஐ. வைத்திருப்பேன். மணலில் இறங்கும் முன் 20 பக்கம் வரும்வரை காற்றை இறக்கிவிடுவேன். டயர் அகன்று படுத்து, பாரம் பரவலாக இறங்கும். காய்ந்த மணலில் அப்படியும் புதையும். ஆனால் தண்ணீர் இப்போதுதான் விலகிப்போன ஈர மணல் வேறு. துகள்களுக்கு நடுவே நிற்கும் ஈரம் மணலைக் கட்டிப் பிடித்துக்கொள்வதால் சக்கரம் மேலேயே ஓடும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் சவுக்கு, எதிரே ஒரு வண்டி கிடையாது. இந்த சந்தோஷத்துக்கு நிகராக வேறு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

மலையே இல்லாத மாவட்டத்தில் மலை சைக்கிள் எதற்கு என்று கேட்கிறார்கள். 1970களில் கலிபோர்னியாவின் டமல்பயஸ் மலைச் சரிவில் இந்த விளையாட்டை வளர்த்தவர்கள் ஓட்டியது, தடித்த பலூன் டயர் போட்ட பழைய சைக்கிள்களைத்தான். ஷாக் பரவலானது 1990களில். ஆக, இந்த வண்டிக்கு உயிர் டயரில் இருக்கிறது. மணலிலும் கண்மாய்க் கரையிலும் அதுதான் வேலை செய்கிறது.

கண்மாய்க் கரை என்றதும் கருவை முள்ளைச் சொல்லியாக வேண்டும். கரிமூட்டத்துக்குக் கருவை வெட்டிய இடம் தெரிந்தால் சுற்றிப் போங்கள். பஞ்சர் ஆனால் ட்யூபை மட்டும் ஒட்டிவிட்டு மூடாதீர்கள். முறிந்த முனை டயருக்குள்ளேயே நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. உள்பக்கம் முழுக்கப் பஞ்சை உருட்டினால் முள் இருக்கும் இடத்தில் சிக்கும். கியர் பற்றிக் குறையே இல்லை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று முகத்தில் அறையும்போது மண்டபத்திலிருந்து மேற்கே திரும்புவதற்குச் சின்ன கியர்தான் துணை.

சரி, ஷாக். “ஒவ்வொரு முறை ஓட்டியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்” என்கிறது கூட வந்த புத்தகம். எங்கள் பக்கம் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? வீட்டு போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவிக் காயவைத்தால் வெள்ளையாகப் பூத்து நிற்கும், உப்பைக் கழுவ உப்பையே ஊற்றின கதை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் தெருவில் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. அந்தத் தண்ணீரை எடுத்து சைக்கிளில் ஊற்ற எனக்கு மனசு வராது. வரவும் கூடாது. ஒரு சொம்புத் தண்ணீரில் துணியை நனைத்து செயின், ஷாக் குழாய், நட்டு போல்ட்டைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுகிறேன். செயின் தப்பித்துவிட்டது. சீலுக்குள் போன உப்பைத் துணியால் எடுக்க முடியாதே!

இந்த ஷாக் இங்கே எதற்கு? குதிக்கப் பாறை இல்லை, இறங்கச் சரிவு இல்லை. மேடு பள்ளத்தை டயரே வாங்கிக்கொள்கிறது. மணலில் ஷாக் அமுங்கி எழுவதில் மிதிக்கிற பலத்தில் கொஞ்சம் வீணாகப் போகிறது. ஷாக் அமுங்காமல் லாக் போட்டால் இரண்டு கிலோவுக்கு மேல் இரும்பைச் சும்மா சுமப்பதுதான் மிச்சம். ஷாக் இல்லாத ரிஜிட் ஃபோர்க் மாட்ட விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மாற்ற நினைப்பவர்கள் நீளத்தைப் பார்த்து வாங்குங்கள். 100 மில்லிமீட்டர் ஷாக் இருந்த இடத்தில் குட்டை ஃபோர்க் போட்டால் முன்பக்கம் தாழ்ந்து ஹேண்டில் நிலையாக நிற்காது. டிஸ்க் பிரேக் மாட்டும் இடமும் அதில் இருக்க வேண்டும்.

இதே வண்டி விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா மாப்ள என்று கீழக்கரை நண்பன் கேட்டிருக்கிறான். மேலே இவ்வளவு சந்தோஷத்தைச் சொல்லிவிட்டு இப்படிச் சொல்வது ஒட்டாமல் இருக்கலாம், ஆனாலும் வாங்காதே. எத்தனை ஆயிரம் குறைந்தாலும் வேண்டாம். ஷாக் இல்லாமல், தடித்த டயர் ஏறுகிற வண்டியாகத் தேடு. இதுதான் வேண்டும் என்று நின்றால், டயரில் மட்டும் காசை மிச்சம் பிடிக்காதே.