சாட்டம் கயிற்றாலை: அந்த ஒரு இழைக்காகவே போகலாம்

இங்கிலாந்தின் கெண்ட்டில் இருக்கும் சாட்டம் பழைய கடற்படைக் கப்பல் கட்டும் துறைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நேராக நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இறங்குவார்கள், அப்புறம் பீரங்கி, பாய்மரக் கப்பல், காபி, நேரம் மிச்சம் இருந்தால் கயிற்றாலை. என் சிபாரிசு, இதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். கயிற்றாலையை முதலில் பாருங்கள். நீர்மூழ்கி எங்கேயும் போய்விடாது.

1618இலிருந்து இந்த இடத்தில் கயிறு திரிக்கிறார்கள். இப்போது நிற்கும் கட்டடம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது, நீளம் 346 மீட்டர். படத்தில் பார்த்தால் இந்த நீளம் பிடிபடாது, உள்ளே நின்று அந்தக் கோடியைப் பார்த்தால்தான் புரியும், அங்கே நடமாடும் ஆள் விரல் அளவுதான் தெரிவார், வேலை செய்பவர்கள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சைக்கிளில் போகிறார்கள். இன்னொரு விஷயம், இது கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்த அருங்காட்சியகம் மட்டும் கிடையாது. கடற்படை 1984இல் துறையை மூடிவிட்டுப் போன பிறகும் இங்கே கயிறு தயாரித்து விற்கிறார்கள். ஹென்றி மாட்ஸ்லே என்ற பொறியாளரின் பட்டறையில் 1811இல் செய்த இயந்திரம் இன்னமும் புரி திரிக்கிறது. நம்ம வீட்டு மிக்ஸி மூன்று வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம், சரி விடுங்கள்.

சுற்றுலாவில் நீங்களே ஒரு கயிறு திரித்துப் பார்க்கலாம். கைப்பிடி சுற்ற ஆள் வேண்டும் என்றதும் என் மகள் முந்திக்கொண்டு ஓடினாள். மூன்று புரியையும் தனித்தனியாக ஒரு பக்கம் முறுக்குகிறார்கள், பிறகு மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குகிறார்கள், இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் கயிறு தானாக அவிழ்வதில்லை. நடுவில் ‘டாப்’ என்று ஒரு மரக்கட்டை, கூம்பு மாதிரி, பக்கவாட்டில் மூன்று பள்ளம், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு புரி. முறுக்கு ஏற ஏற கயிறே அந்தக் கட்டையை முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது, கட்டைக்குப் பின்னால் பளபளவென்று முழுக் கயிறு வந்துகொண்டே இருக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு நன்றாக இருக்கும். முறுக்கும்போது நீளம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும், அதனால்தான் நங்கூரக் கயிறு திரிக்க இத்தனை நீளக் கட்டடம். ‘விக்டரி’ என்ற போர்க்கப்பலை இதே துறையில்தான் கட்டி 1765இல் தண்ணீரில் இறக்கினார்கள், அந்த ஒரு கப்பலுக்கே 20 மைலுக்கு மேல் கயிறு தேவைப்பட்டது.

இப்போது தலைப்பில் சொன்ன இழை. பழைய கடற்படைக் கயிறு ஒன்றைக் கையில் எடுத்து, முறுக்குக்கு எதிராகத் திருகி, புரியைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தால், பழுப்பு நார்களுக்கு நடுவே சம்பந்தமே இல்லாத ஒரு நூல் ஓடும். வேறு நிறமாக இருக்கும், இல்லாவிட்டால் மற்ற எல்லா இழையும் ஒரு பக்கம் முறுக்கியிருக்க இது மட்டும் எதிர்ப்பக்கம் முறுக்கியிருக்கும். இதற்குப் பெயர் ‘ரோக்ஸ் யார்ன்’. போக்கிரியைப் பிடித்துக்கொடுக்கிற இழை என்று வைத்துக்கொள்ளுங்கள், 500 ரூபாய் நோட்டில் ஓடுகிற நூல் மாதிரி ஒரு அடையாளம்.

எதற்கு இது என்றால், திருட்டு. கயிறு அந்தக் காலத்தில் நல்ல காசு. ரஷ்யாவிலிருந்தும் பால்டிக் கரையிலிருந்தும் கப்பலில் வந்த ஹெம்ப் என்ற செடியின் நாரைச் சீவி, நூற்று, தாரில் தோய்த்துச் செய்த சரக்கு. துறையில் வேலை செய்தவர் இடுப்பில் சுற்றிக்கொண்டு வெளியே போனால் ஊருக்குள் வாங்க ஆள் இருக்கும். பழைய கயிறு கூட வீண் இல்லை, பிரித்து நாராக்கினால் பலகை இடுக்குகளை அடைக்க ஆகும். மேலே முத்திரை குத்தினாலோ சாயம் பூசினாலோ திருடன் சுரண்டி எடுத்துவிடுவான். உள்ளே ஓடுகிற இழையை எடுக்க வேண்டுமானால் கயிற்றை முழுசாகப் பிரிக்க வேண்டும், பிரித்துவிட்டால் அப்புறம் கயிறு ஏது?

1698இலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. சுற்றளவு 3 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள கயிறு என்றால் எதிர்ப்பக்கம் போட்ட வெள்ளை நூல், அதைவிடச் சன்னம் என்றால் அந்த இடத்தில் ட்வைன் என்ற முறுக்கு நூல். இந்த அடையாளம் உள்ள சரக்கு சம்பந்தமில்லாதவரிடம் இருந்தாலே குற்றம்தான், எப்படி வந்தது என்று அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பிற்பாடு எந்தத் துறையின் கயிறு என்று தெரிய துறைக்கு ஒரு நிறம் வைத்தார்கள். 1875 சட்டத்தின் பட்டியல் இன்னும் ரசமானது: கயிற்றுக்குள் வண்ணக் கம்பளி நூல், பாய்த்துணியில் பாம்பு போல நெளிகிற நீலக்கோடு, மெழுகுவத்தியின் திரிக்குள் நீலமோ சிவப்போ ஒரு பருத்தி நூல். மெழுகுவத்தியைக் கூட விட்டுவைக்கவில்லை! அரசாங்கத்துக்குத் தன் ஆட்கள் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதை இந்தப் பட்டியலைப் படித்தாலே தெரிந்துகொள்ளலாம்.

கயிற்றாலைகளுக்குத் திருட்டு மட்டும்தான் ஆபத்து என்று இல்லை. 1776 டிசம்பரில் போர்ட்ஸ்மத் துறையின் கயிற்றாலைக்கு ஒருவர் தீ வைத்தார், அமெரிக்கப் புரட்சிக்கு ஆதரவாக. தாரும் நாரும் நிறைந்த கட்டடம், கேட்கவா வேண்டும். அடுத்த வருஷமே அவரைத் தூக்கில் போட்டார்கள், அதுவும் கப்பலின் பாய்மரத்தைத் துறை வாசலில் நட்டு, அதன் உச்சியில்.

இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர்கள் இப்போது குறைவு, ஆனால் பழக்கம் போகவில்லை. கயிறு செய்யும் கம்பெனிகள் இன்றும் தங்கள் கயிற்றுக்குள் ஒரு வண்ண இழை விடுவதுண்டு, இது எங்கள் சரக்கு என்று காட்ட. ஆனால் வண்ண இழை இருந்தால் மட்டும் தரம் என்று நம்பிவிடாதீர்கள். மாடிப்படிக் கைப்பிடிக்காக ‘அசல் மணிலா, கப்பல் கயிறு’ என்று ஆன்லைனில் ஒன்று வாங்கினேன், நடுவில் அழகாக ஒரு நீல நூல் வேறு. நுனியைத் தீக்குச்சியில் காட்டினேன், உருகிச் சொட்டிக் கறுப்பு மணியாக உறைந்தது. நார்க்கயிறு என்றால் கருகிச் சாம்பலாகியிருக்கும். பிளாஸ்டிக்குக்குப் பழுப்பு நிறம் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன், தபால் காசு என் தலையில்.

கயிற்றாலைக்கு வருவோம். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் கைப்பிடி சுற்றுகிற இடத்தில் அவர்களை முன்னால் நிறுத்துங்கள், பின்வரிசையில் நின்றால் ‘டாப்’ நகர்வது சரியாகத் தெரியாது. உள்ளே நுழையும்போதே தார் வாசனை முகத்தில் அடிக்கும், எனக்கு அது பிடித்தது, என் மனைவிக்குத் தலைவலி. இயந்திரங்கள் ஓடுவதைப் பார்க்க ஆசை இருந்தால் வார நாளாகப் பார்த்துப் போங்கள், சனி ஞாயிறில் வேலையாட்கள் இருப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சாட்டம் வந்துவிடும், ஸ்டேஷனிலிருந்து நடக்கலாம் என்று யாராவது சொன்னால் பேருந்து பிடியுங்கள், உள்ளே நடக்க வேண்டியது நிறைய இருக்கிறது.