ஐசியு ரெசிடென்சி நேர்காணல்: கேள்வித் தொகுப்பா, ஏசிஎல்எஸ் கார்டா, சீனியர் சிஸ்டரா?

சென்னையில் கிரிட்டிக்கல் கேர் ரெசிடென்சிக்கு விண்ணப்பித்துவிட்டு நேர்காணலுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் கையில் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றும் கேள்வித் தொகுப்பைப் படிப்பது ஒன்று. பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் போன்ற உயிர்காப்புப் பயிற்சிகளை (இதயம் நின்றவரைக் காப்பாற்றும் அடிப்படை, மேல்நிலைப் பயிற்சிகள்) முடித்து, அதற்கான சான்று கார்டோடு போவது இன்னொன்று. தெரிந்த சீனியர் சிஸ்டரை எதிரே உட்காரவைத்து, கேள்வி கேட்கச் சொல்லி வாயால் பதில் சொல்லிப் பழகுவது மூன்றாவது. மூன்றுக்கும் நேரம் இருந்தால் நல்லது. ஆனால் நைட் டூட்டி முடித்து, ஹாஸ்டலில் நான்கு மணி நேரம் தூங்கி எழுந்து படிக்கிறவருக்கு அந்த நேரம் ஏது? அதனால்தான் இந்த ஒப்பீடு.

முதலில் எந்த நேர்காணல் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர்' இரண்டு வருட முதுகலை ரெசிடென்சி. பி.எஸ்சி நர்சிங் முடித்து, பதிவு செய்து, குறைந்தது ஒரு வருடம் வார்டிலோ ஐசியுவிலோ வேலை பார்த்திருக்க வேண்டும். படிப்பின் பெரும்பகுதி நோயாளியின் படுக்கையருகேதான் நடக்கும். இது தவிர, தனியார் மருத்துவமனைகள் புதிதாக வரும் நர்ஸ்களை ஐசியுவுக்குத் தயார் செய்ய நடத்தும் பயிற்சிகளும் உண்டு. இரண்டிலும் எதிரே உட்காருகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே ஆட்கள்: ஒரு நர்சிங் பேராசிரியர் அல்லது நர்சிங் சூப்பிரண்டு, ஒரு ஐசியு டாக்டர், சில இடங்களில் ஐசியு இன்சார்ஜ் சிஸ்டர். நோயாளி கண்ணெதிரே மோசமாகும்போது இந்தப் பெண்ணை நம்பி விடலாமா, இந்தப் பையனை நம்பி விடலாமா என்பதைத்தான் அவர்கள் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள்.

கேள்வித் தொகுப்பைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அரசு நர்ஸ் வேலைக்கான எம்ஆர்பி தேர்வுக்கும், எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கான நார்செட்டுக்கும் அதுதான் சோறு போடுகிறது. எண்கள் வாயில் தயாராக நிற்க வேண்டும் என்றால் அதைப் புரட்டித்தான் ஆக வேண்டும். ஏபிஜியில் (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) பிஹெச் 7.35 முதல் 7.45, கார்பன் டை ஆக்சைடு 35 முதல் 45, பைகார்பனேட் 22 முதல் 26. இதைச் சொல்லத் தடுமாறினால் அடுத்த கேள்விக்கே போகமாட்டார்கள். ஆனால் ஏ, பி, சி, டி என நான்கு விடை பார்த்துப் பழகிய மனசுக்கு, விடையே கொடுக்காத கேள்வி பெரிய அதிர்ச்சி. 'பிஹெச் 7.28, கார்பன் டை ஆக்சைடு 60, பைகார்பனேட் 27' என்று சொன்னால் 'ரெஸ்பிரேட்டரி அசிடோசிஸ்' (மூச்சு போதாமல் ரத்தத்தில் அமிலம் கூடுவது) என்று டக்கென்று வரும். 'சரி, இப்போது நோயாளியிடம் போய் என்ன பார்ப்பீர்கள்?' என்றதும் பலர் நின்றுவிடுகிறார்கள். மூச்சு வேகம் எவ்வளவு, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, இரவில் தூக்க ஊசி ஏதாவது போனதா, பழைய சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளியா என்று போகிற பதில் எந்தத் தொகுப்பிலும் அச்சாகி இருக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தத் தொகுப்புகளில் பாதி அமெரிக்கப் பக்கங்களிலிருந்து எடுத்தவை. அங்கே ரெசிடென்சி என்பது புதிதாகப் படித்து வந்த நர்சுக்கான தொடக்கப் பயிற்சி. அங்கே வென்டிலேட்டரைப் பெரும்பாலும் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் கவனித்துக்கொள்வார். அந்தப் பதிலை அப்படியே மனப்பாடம் செய்து, 'வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டைக் கூப்பிடுவேன்' என்று இங்கே சொன்னால், 'எங்கள் ஐசியுவில் இரவு இரண்டு மணிக்கு நீங்களும் டூட்டி டாக்டரும்தானே இருப்பீர்கள்?' என்று கேட்டுவிடுவார்கள். நம் ஊர் ஐசியுக்கள் பலவற்றில் அதுதான் உண்மை.

அடுத்து ஏசிஎல்எஸ். கார்டு இரண்டு வருடத்துக்குச் செல்லும். அதற்குக் கட்டணமும் லீவும் வேண்டும். கையால் கற்க வேண்டியதைக் கையால் கற்றுத் தருகிறது என்பதில் சந்தேகமே இல்லை. நெஞ்சை 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.யைத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவது படித்துத் தெரிகிற விஷயமா என்ன? பொம்மையின் மேல் இரண்டு நிமிடம் அழுத்தினால்தான் தோள் எப்படி விட்டுப்போகிறது என்றும், ஆளை மாற்றச் சொல்வது ஏன் என்றும் புரியும். ஆனால் கார்டைக் காட்டியதும் கேள்வி அங்கேயே திரும்பும். 'விஎஃப் (இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் நிலை). முதல் ஷாக் கொடுத்தாயிற்று. அடுத்து?' மானிட்டரைப் பார்ப்பேன், பல்ஸ் பார்ப்பேன் என்றால் கார்டு இருந்தும் பயனில்லை. ஷாக் முடிந்த கையோடு அழுத்தத் தொடங்கி, இரண்டு நிமிடம் கழித்துத்தான் ரிதம் பார்க்க வேண்டும். அட்ரினலின் 1 மி.கி. எப்போது தொடங்கும், ஏன் 3 முதல் 5 நிமிட இடைவெளி, ரிதத்தைச் சீராக்கும் அமியோடரோன் 300 மி.கி. எந்த ஷாக்குக்குப் பிறகு என்பதும் வரிசையாக வரும். பயிற்சி முடித்து ஆறேழு மாதம் புரட்டிப் பார்க்காதவர் கார்டை முன்னால் நீட்டுவது வம்பு. கையில் கார்டு இல்லாதவர் இதற்காகக் கடன் வாங்கி ஓடவும் வேண்டாம். அறிவிப்பில் கட்டாயம் என்று போட்டிருந்தால் மட்டும் அது வேறு கதை.

இப்போது மூன்றாவது வழி. என் ஓட்டு இதற்குத்தான். காரணத்தை ஒரே கேள்வியை வைத்துக் காட்டுகிறேன்.

'நிமோனியாவோடு வென்டிலேட்டரில் இருக்கும் 60 வயது ஆண். சாச்சுரேஷன் (ரத்த ஆக்சிஜன் சதவீதம்) 96-லிருந்து 84-க்கு இறங்குகிறது. ஹை பிரஷர் அலாரம் அடிக்கிறது. பக்கத்தில் நீங்கள் மட்டும். என்ன செய்வீர்கள்?'

தொகுப்பு படித்தவர் பதில்: 'சளி அடைப்பு, டியூப் மடங்குதல், டியூபைக் கடித்தல், பிராங்கோஸ்பாசம் (மூச்சுக்குழல் சுருங்குவது), நியூமோதோராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்வது).' எல்லாமே சரி. எழுத்துத் தேர்வென்றால் முழு மதிப்பெண். ஆனால் நோயாளி இன்னும் 84-லேயே இருக்கிறார்.

சீனியரிடம் பழகியவர் பதில் இப்படிப் போகும்: 'அலாரத்தை விட்டுவிட்டு முதலில் நோயாளியைப் பார்ப்பேன். நெஞ்சு இரண்டு பக்கமும் ஏறுகிறதா, டியூபைக் கடிக்கிறாரா. ஆக்சிஜனை 100 சதவீதம் ஆக்கிவிட்டு, உதவிக்குக் குரல் கொடுப்பேன். டியூப் உதட்டருகே காலையில் 22-ல் இருந்தது, இப்போதும் 22-தானா என்று பார்ப்பேன். சர்க்யூட் எங்காவது மடங்கியிருக்கிறதா, தண்ணீர் தேங்கியிருக்கிறதா. சக்‌ஷன் கத்தீட்டர் தடையில்லாமல் இறங்குகிறதா. ஸ்டெத் வைப்பேன். ஒரு பக்கம் காற்றுச் சத்தம் இல்லாமல் பிபியும் இறங்கினால் டென்ஷன் நியூமோதோராக்ஸ் என்று சந்தேகப்படுகிறேன் என டாக்டரிடம் சொல்லிவிட்டு, அதற்கான செட்டை எடுத்து வைப்பேன்.'

அறிவில் இரண்டு பேரும் சமம்தான். இரண்டாமவரின் அறிவு வரிசைப்பட்டிருக்கிறது, எந்த இடத்தில் டாக்டர் வர வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. இந்த வரிசை தனியாகப் படித்தால் வராது. 'அதற்கு முன்னால் என்ன?', 'சக்‌ஷன் போட்டும் ஏறவில்லை, அப்புறம்?' என்று எதிரே ஒருவர் நச்சரித்தால்தான் வரும். நல்ல சீனியர் இன்னும் ஒரு படி போவார்: 'வென்டிலேட்டரைக் கழற்றி ஆம்பு பையில் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) போடுவேன் என்கிறாயே, பீப் (மூச்சை விட்ட பிறகும் நுரையீரலைத் திறந்து வைக்கும் அழுத்தம்) 12-ல் இருக்கும் நோயாளியைக் கழற்றினால் நுரையீரல் என்ன ஆகும்?' இந்த ஒரு கேள்விக்காகவே அந்த சிஸ்டருக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுக்கலாம்.

இந்த மாக் (ஒத்திகை) நேர்காணலில் எந்த முறையில் பேசிப் பழகுவது என்றும் கேட்கிறார்கள். தலை முதல் கால் வரை என்ற முறை, நிலையாக இருக்கும் நோயாளியை ஹேண்டோவர் எடுக்கும்போது அருமையானது. மோசமாகிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு ஏ-பி-சி-டி-ஈ (மூச்சுவழி, சுவாசம், ரத்த ஓட்டம், நினைவு, கடைசியில் உடல் முழுவதும்) தவிர வேறு வழியில் தொடங்காதீர்கள். டாக்டரைக் கூப்பிடும் பகுதிக்கு எஸ்பார்: நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு என்ன வேண்டும். செப்சிஸ் (தொற்றால் உடலே நிலைகுலைவது) கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பிபி 84/48. மேப் (சராசரி ரத்த அழுத்தம்) 60, இருக்க வேண்டிய 65-க்குக் கீழே. '60 கிலோ நோயாளி, திரவம் கிலோவுக்கு 30 மி.லி. கணக்கில் 1,800 போயாயிற்று, மேப் இன்னும் 60, யூரின் குறைவு, பிபியை ஏற்ற நார்அட்ரினலின் தொடங்கலாமா, நீங்கள் வந்து பார்க்க வேண்டும்' என்று முடிக்கிறவரைத்தான் பேனல் நிமிர்ந்து பார்க்கும். 'டாக்டரிடம் சொல்வேன்' என்ற இரண்டு சொல்லோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

ஆங்கிலம் பற்றிய பயம் பலருக்கு இருக்கிறது, அதிலும் தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு. முதல் இரண்டு முறை மாக் நேர்காணலைத் தமிழிலேயே செய்யுங்கள். வரிசை பிடிபட்ட பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லுங்கள். ஐசியுவில் நாம் பேசும் சொற்களில் பாதி ஏற்கெனவே ஆங்கிலம்தான், மீதி வினைச்சொற்கள். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னால் போதும்.

எல்லோருக்கும் ஒரே கணக்கு பொருந்தாது என்பதும் உண்மை. ஐசியுவில் இரண்டு மூன்று வருடம் இருந்தவர் தொகுப்புக்கு மூன்று நாள் கொடுத்தால் தாராளம், மிச்சமெல்லாம் வாய்ப்பயிற்சிக்குத்தான். பொது வார்டிலிருந்து வருகிறவருக்கு எண்களும் வென்டிலேட்டர் அடிப்படையும் இல்லாமல் மாக் நேர்காணல் வெறும் மிரட்டலாகிவிடும். அவர் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்து முதல் இரண்டு வாரத்தைப் படிப்புக்கே கொடுக்கலாம். சீனியர் யாரும் கிடைக்காதவர்கள் கூடப் படித்த இரண்டு பேரோடு சேர்ந்து, மாறி மாறிக் கேள்வி கேட்டுக்கொள்ளலாம். பலன் கொஞ்சம் குறையும், ஆனாலும் தனியாகப் படிப்பதைவிட மேல்.

நீங்கள் பார்த்த நோயாளிகளில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துத் தயாராக வையுங்கள்: ஒருவர் பிழைத்தவர், ஒருவர் பிழைக்காதவர், ஒருவர் நீங்கள் முதலில் கவனித்துச் சொன்னதால் சிகிச்சை மாறியவர். பெயர், படுக்கை எண், மருத்துவமனை எதுவும் வாயில் வரக்கூடாது. மேலே சொன்ன எஸ்பார் வரிசையிலேயே அவர்களைச் சொல்லிப் பழகுங்கள்.

கடைசியில், 'நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். இல்லை என்று எழுந்துவிடாதீர்கள். வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒருவருக்கு ஒரு நர்ஸ் தருகிறீர்களா, இரவு டூட்டியில் ரெசிடென்டுக்கு மேலே சொல்லித்தர யார் இருப்பார், முதல் எத்தனை மாதம் தனியாக நோயாளி தரமாட்டீர்கள் என்று கேளுங்கள். இரண்டு வருடம் அங்கே நிற்கப்போவது நீங்கள்.