மூச்சு வாங்குகிறது என்று போனால் எடை குறைப்பு பேக்கேஜ் விற்கிறார்கள்: பணம் கட்டும் முன் படியுங்கள்

கோவையில் ஒரு தனியார் கிளினிக்கில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் அடையாளம் தெரியும்: வாசலில் டாக்டர் போர்டு, உள்ளே பக்கத்து அறையில் ‘வெல்னஸ்’ கவுன்டர். இந்த மாதிரி இடங்கள் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டன. கொஞ்சம் பருமனாக இருப்பவர்கள், அதிலும் பெண்கள், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

எனக்கு வயது 41, பள்ளி ஆசிரியை, எடை 104 கிலோ. என் வகுப்பு இரண்டாம் மாடியில். பேசிக்கொண்டே ஏறிய படிக்கட்டில் பாதியிலேயே நின்று மூச்சு வாங்கவேண்டிய நிலை வந்தது. படபடப்பு, முடி கொட்டுதல், மாதவிலக்கு நாட்களில் நடு இரவில் எழுந்து நாப்கின் மாற்றும் அளவுக்கு உதிரப்போக்கு. எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டுதான் போனேன். டாக்டர் அந்தச் சீட்டைக் கையில்கூட வாங்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். “வெயிட் எவ்வளவு? நூத்தி நாலா? பின்னே மூச்சு வாங்காம என்ன பண்ணும்? முதல்ல இருபது கிலோ குறைங்க, மத்ததை அப்புறம் பார்க்கலாம்.”

“சார், என் எடை ரொம்ப வருஷமா இதேதான். மூச்சு வாங்குறது மட்டும்தான் புதுசு” என்றேன். இதற்கு அவரிடம் பதில் இல்லை. நர்ஸைக் கூப்பிட்டு பிரஷர் பார்க்கச் சொன்னார். கையில் சுற்றிய பட்டை சரியாக ஒட்டாமல் பிய்த்துக்கொண்டு வந்தது. நர்ஸ் ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே அளந்தார். 158/96. உடனே பிரஷர் மாத்திரை எழுதி, “பக்கத்து ரூம்ல கவுன்சலரைப் பாருங்க” என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்டெதஸ்கோப் என் மேல் படவில்லை, ரத்தப் பரிசோதனையும் எழுதவில்லை.

பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தவர் டாக்டரும் இல்லை, உணவியல் படித்தவரும் இல்லை. என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு “டிரெய்னிங் எடுத்திருக்கேன் மேடம்” என்றார். ஒரு மெஷினில் வெறுங்காலோடு ஏறி நிற்கச் சொன்னார். சீட்டு வந்தது: கொழுப்பு இத்தனை சதவீதம், ‘உடல் வயது 63’. அந்த எண்ணைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு என் பக்கம் தள்ளினார். அந்த மெஷின் உடம்புக்குள் மிக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, அது எவ்வளவு தடைபடுகிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. தண்ணீர் குடித்திருக்கிறோமா, சாப்பிட்டிருக்கிறோமா என்பதைப் பொறுத்தே முடிவு மாறும். ‘உடல் வயது’ என்பது அந்தக் கம்பெனி தானே வைத்துக்கொண்ட ஒரு கணக்கு, நோயைச் சொல்லும் பரிசோதனை கிடையாது. ஆனால் அறுபத்து மூன்று என்று தாளில் அச்சாகி வந்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். அதற்காகவே வைத்திருக்கும் மெஷின் அது.

பேக்கேஜ் 48,000 ரூபாய். மூன்று மாதம், வயிற்றைச் சுற்றிச் சூடு வைக்கும் பெல்ட், இரண்டு வேளை சாப்பாட்டுக்குப் பதிலாகக் கரைத்துக் குடிக்கும் பவுடர். “டாக்டர் சொல்லித்தானே வந்தீங்க, இது ட்ரீட்மென்ட்டோட ஒரு பகுதி” என்றார். பணம் இல்லை என்றால் அங்கேயே போனில் தவணைக் கடன் போட்டுத் தருகிறார்கள். படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘எந்தச் சூழலிலும் பணம் திரும்பத் தரப்படாது’.

பயத்தில் பணத்தைக் கட்டிவிட்டேன். அப்புறம் நடந்தது எதிர்பார்க்கக்கூடியதுதான். பவுடரும் பிரஷர் மாத்திரையுமாக இருந்த என்னால் எழுந்து நிற்கவே முடியவில்லை, கண் இருட்டியது. கவுன்சலரிடம் சொன்னால், “நச்சு வெளியேறுது மேடம், நல்ல அறிகுறி” என்றார். ஒரு நாள் பள்ளி வராந்தாவில் சரிந்து விழுந்தேன். சக ஆசிரியைகள் பக்கத்தில் இருந்த நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அங்கே இருந்தது சின்ன வயசு டாக்டரம்மா. என் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். “பச்சரிசி மெல்லணும்னு தோணுதாம்மா?” என்று கேட்டார். நான் அசந்துபோனேன். சில மாதங்களாக அரிசி டப்பாவைத் திறந்தாலே ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டிருந்தேன், வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. இரும்புச்சத்து குறைந்தால் பச்சரிசி, ஐஸ் கட்டி, மண் என்று மனசு ஓடும் என்று அவர்தான் சொன்னார். ஹீமோகுளோபின் 6.4. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 8க்குக் கீழே போனால் கடுமையானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இதைக் கண்டுபிடிக்க அங்கே ஒரு ரூபாய் செலவாகவில்லை.

அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது கருப்பையில் ஃபைப்ராய்டு எனப்படும், புற்றுநோய் அல்லாத தசைக் கட்டிகள் தெரிந்தன. உதிரம் அவ்வளவு போனதற்கு அதுதான் காரணம். கிளினிக்கில் தொப்பை என்று நினைத்ததில் கொஞ்சம் அந்தக் கட்டியும்தான். ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள், பிறகு டிரிப்பில் இரும்புச்சத்து, உதிரப்போக்கைக் குறைக்க மாத்திரை. பிரஷர் அளக்க அங்கிருந்த சிஸ்டர் என் கையைப் பார்த்ததும் டேப்பால் சுற்றளவை அளந்தார், 43 செ.மீ. “இதுக்கு சாதா பட்டை பத்தாதுங்க” என்று பெரிய பட்டையைத் தேடி எடுத்து வந்தார். 134/84. அந்த பிரஷர் மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார்.

இந்தப் பட்டை விஷயம் சின்னதாகத் தோன்றலாம். உள்ளே இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் சுமார் 80 சதவீதத்தைச் சுற்றி வரவேண்டும். பட்டை சின்னதாக இருந்தால் பிரஷர் இல்லாதவருக்கும் பிரஷர் காட்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையில் அளந்தபோது மேல் எண் சராசரியாக 20 புள்ளி வரை கூடுதலாகக் காட்டியது. 20 புள்ளி என்பது ஒருவரை வாழ்நாள் மாத்திரைக்காரராக ஆக்கப் போதும். அளக்கும்போது பட்டை பிய்ந்து வந்தால், “பெரிய பட்டை இருக்கா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த எண்ணை நம்பி மாத்திரை தொடங்காமல், பட்டை உள்ள இடத்தில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

எடைக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை, மூட்டுத் தேய்மானம், தூக்கத்தில் மூச்சுத் திணறல், இவற்றுக்கெல்லாம் தொடர்பு உண்டு. என் கோபமே வேறு. எடை அதிகம் என்றால் கூடுதலாகச் சோதிக்கவேண்டும். இவர்கள் எடையைக் காரணம் காட்டிச் சோதிக்காமலே அனுப்புகிறார்கள். என் விஷயத்தையே எடுங்கள். உடலில் கொழுப்பு கூடும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் கூடுகிறது, அதனால் கருப்பை உள்சவ்வுப் புற்றுநோய்க்குப் பருமன் ஒரு முக்கிய அபாயக் காரணி. உதிரப்போக்கு அதிகம் என்று ஒரு பருமனான பெண் வந்தால், வயது 45 ஆகாவிட்டாலும் உள்சவ்வில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கலாமா என்று மகப்பேறு மருத்துவர் யோசிக்கவேண்டும். எனக்கு அரசு மருத்துவமனையில் அதையும் செய்தார்கள், நல்லவேளையாக ஒன்றும் இல்லை. கிளினிக் டாக்டர் சொன்னபடி இருபது கிலோ குறைத்துவிட்டு வந்திருந்தால் எத்தனை மாதம் வீணாகியிருக்கும்?

பருமனானவருக்கு ரத்தக் குறைவா என்று சிரிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் 40.4 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதில் என்ன ஆச்சரியம்? போதாததற்கு, உடலில் கொழுப்பு கூடும்போது ஏற்படும் மெல்லிய அழற்சியால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, சாப்பாட்டிலிருந்து இரும்பை உறிஞ்சுவதே குறைந்துவிடும். அழற்சி இருந்தால், உடலில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை நார்மல் என்றுகூடக் காட்டும். அதனால் ‘ஃபெரிட்டின் நார்மல்’ என்ற ஒரு வரியை மட்டும் வைத்துத் திருப்பி அனுப்பினால் விடாதீர்கள்.

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. கனடாவில் 2018-இல் புற்றுநோயால் இறந்த ஒரு பெண்மணி, உடம்பு சரியில்லை என்று சில ஆண்டுகள் டாக்டர்களிடம் போனபோதெல்லாம் எடையைக் குறை என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லப்படவில்லை என்பதைத் தன் இரங்கல் குறிப்பிலேயே போடச் செய்தார். அதே கனடாவில் 2020-இல் வந்த உடல் பருமன் சிகிச்சை வழிகாட்டி, எடையைப் பற்றிப் பேசும் முன் நோயாளியிடம் அனுமதி கேட்கவேண்டும் என்கிறது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரைப்பதை எடையைக் காட்டி மறுக்கக்கூடாது என்று சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022-இல் எழுதிவிட்டது. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பிஎம்ஐ எண்ணை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று முடிவு கட்டக்கூடாது என்று 2025 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழுவும் சொன்னது. ஆக, ‘குறைச்சிட்டு வாங்க’ என்பதை மருத்துவ அறிவு என்று நினைத்து யாரும் தலை குனிய வேண்டியதில்லை.

அடுத்த முறை இப்படி யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதே தொந்தரவோட ஒல்லியான ஒருத்தர் வந்தா என்ன டெஸ்ட் எழுதுவீங்க? அதை எனக்கும் எழுதுங்க.” என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் மூட்டு வலிக்காகப் போனபோது இதைக் கேட்டிருக்கிறார். டாக்டர் முகம் சுளித்தாலும் எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார்.

பவுடர் விஷயத்துக்கு வருகிறேன். என் டப்பாவில் உரிமம் எண்ணே இல்லை. உணவுப் பொருள் என்றால் மத்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண் இருக்கவேண்டும். எடை குறைக்கும் ‘மூலிகை’ பொருட்களில் சிபுட்ரமின் என்ற மருந்தைச் சொல்லாமல் கலந்து விற்பது உலகம் முழுக்கப் பலமுறை பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் இந்தியாவில் 2011-லேயே தடை செய்த மருந்து அது. என் டப்பாவில் அது இருந்தது என்று நான் சொல்லவில்லை, அதை உணவுப் பாதுகாப்புத் துறையில் கொடுத்திருக்கிறேன். உடல் பருமனைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது இந்தப் பிரச்சினையில் இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள்!

பணம் திரும்பாது என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சேவையில் குறை இருந்தும் பணத்தைத் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்தேன். “பாதிப் பணம் தர்றோம், எங்கேயும் எழுத மாட்டேன்னு கையெழுத்துப் போடுங்க” என்று கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். முடியாது என்றுவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளின் நகலை டாக்டர் தரவேண்டும், அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். எனக்கு வந்த நகலில் ‘உதிரப்போக்கு’ என்ற சொல்லே இல்லை. ‘பருமன்’ என்ற ஒரே வரி, கீழே பேக்கேஜ் எண். என் புகாருக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது என்றார் வக்கீல்.

இப்போது ஹீமோகுளோபின் 11.8. எடை 102. இரண்டாம் மாடிக்கு நிற்காமல் ஏறுகிறேன். கட்டிக்கு என்ன செய்வது என்று மகப்பேறு டாக்டரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். இதே போன்ற இடத்தில் பணம் கட்டியவர்கள் ரசீது, படிவம், மெஷின் சீட்டு, காலி டப்பா எதையும் தூக்கிப் போடாதீர்கள். பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கவேண்டும்.