இசையும் கிராஃபிக் டிசைனும் ஒரே கிறிஸ்தவக் கல்லூரியில்: படித்து முடித்து ஏழு வருடம் கழித்து

உடன் வேலை செய்யும் அக்கா ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார். அவருடைய மகளுக்கு ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. இசை முதன்மைப் பாடம், கிராஃபிக் டிசைன் இரண்டாவது. "நீயும் அதே மாதிரிதானே படிச்சே, எப்படி இருந்துச்சு?" என்றார். "நல்லா இருந்துச்சுக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்தது. ஒரு பெண் நான்கு வருடத்தைக் கொடுக்கப் போகிறாள், நான் இரண்டு சொல்லில் முடித்துவிட்டேன். அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

பாடத்திட்டம், கிரெடிட், விடுதி எல்லாம் கல்லூரிக் கையேட்டில் இருக்கும். சேப்பலுக்கு, அதாவது கல்லூரித் தேவாலய ஆராதனைக்கு, கட்டாய வருகைப்பதிவு உண்டு, அது எனக்குப் பாரமாக இருந்ததில்லை. உடலோவிய வகுப்பில் உடையணிந்த மாடல்தான். மற்றக் கல்லூரி மாணவர்கள் அதைக் குறையாகச் சொல்வார்கள். துணியின் மடிப்புக்குள் எலும்பு எங்கே நிற்கிறது என்று தேடி வரையக் கற்றுக்கொண்டது எனக்கு லாபம்தான்.

என்னை நான்கு வருடமும் அரித்தது ஒரே ஒரு சொல். ஊழியம். தேவனுக்காகச் செய்யும் சேவை என்று அர்த்தம்.

இசை படிக்கிற மாணவி, அதோடு டிசைனும் தெரியும் என்றால் கல்லூரியில் எல்லோருக்கும் உங்கள் ஞாபகம்தான் வரும். பாடகர் குழு நிகழ்ச்சிக்குப் போஸ்டர், ஜெப வாரத்துக்கு அழைப்பிதழ், ஆராதனை முறைத் தாள், பாட்டு வரி ஸ்லைடு, விருந்தினர் மேடைக்குப் பேனர். எல்லாம் "நாளைக்குக் காலையில வேணும்மா" என்றுதான் வரும். எனக்குப் பரீட்சை இருக்கிறது என்றால், "இது ஊழியம்தானேம்மா" என்பார்கள். அதற்கு மேல் பேச முடியாது. பேசினால் விசுவாசம் குறைந்தவள் ஆகிவிடுவோம். ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். நான்கு வருடத்தில் 143 வேலைகள். ஒன்றுக்குக்கூட மதிப்பெண் கிடையாது, காசு கிடையாது, ஒரு ஓரத்தில் பெயர்கூடக் கிடையாது.

மூன்றாம் வருடம் பொறுக்க முடியாமல் துறைத் தலைவரிடம் போனேன். அவர் மென்மையானவர், நல்ல ஆசிரியர். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தன்னுடைய தேவாலய இசைப் பிரதிகள் பலவற்றின் முடிவில் எஸ்.டி.ஜி. என்று எழுதியதைச் சொன்னார். தேவனுக்கு மட்டுமே மகிமை என்ற லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் அவை. நான் வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். அடுத்த பருவத்தில் இசை வரலாற்று வகுப்பில் அதே பாக் 1730இல் தன் பழைய நண்பர் எர்ட்மானுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தோம். அவர் வேலை பார்த்த லைப்சிக் நகரத்தில் காற்று ஆரோக்கியமாக இருந்தால் சாவு குறைகிறது, அடக்க ஆராதனையால் வரும் வருமானமும் குறைகிறது என்று அதில் கணக்குச் சொல்லியிருக்கிறார். எஸ்.டி.ஜி. எழுதிய அதே கைதான் இந்தக் கணக்கையும் எழுதியது. பக்திக்கும் கூலிக்கும் சண்டை இல்லை என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது. மறுபடி அவர் அறைக்குப் போய் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த வருத்தம் இருக்கிறது.

சரி, இப்போது நியாயமாகப் பேச வேண்டும். அந்த 143இல் பாதிக்கு மேல் பாட்டு வரி ஸ்லைடுகள். இன்றைக்கு என் பிழைப்பே அந்த நாற்காலியிலிருந்து வந்ததுதான்.

சேப்பலின் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு நாற்காலி. திரையில் வரிகளை மாற்றுவது வேலை. முதல் வாரம் பாட்டின் வரி முடிந்த பிறகு மாற்றினேன். நானூறு பேரும் அடுத்த வரியின் முதல் சொல்லை விழுங்கினார்கள். கண் எப்போதும் வாய்க்கு முன்னால் ஓடுகிறது. கடைசிச் சொல்லின் முதல் அசை வாயில் வரும்போதே அடுத்த ஸ்லைடு வந்துவிட வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

அப்புறம் வரியை எங்கே உடைப்பது என்ற பிரச்சினை. உதாரணத்துக்கு நானே ஒரு வரி எழுதுகிறேன்: இருண்ட வழியில் நடந்தபோதும் என் கையை விடாமல் பிடித்தவர் நீரே. எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று, ஸ்லைடில் இடம் தீர்ந்த இடத்தில் உடைத்து வைத்திருப்பார்கள். 'இருண்ட வழியில் நடந்தபோதும் என் கையை' என்று ஒரு ஸ்லைடு, 'விடாமல் பிடித்தவர் நீரே' என்று அடுத்தது. மெட்டில் மூச்சு வருவது 'நடந்தபோதும்' என்ற இடத்தில். ஆனால் கூட்டம் மெட்டைக் கேட்பதில்லை, திரையைப் பார்த்து மூச்சு விடுகிறது. 'என் கையை' என்று பாடிவிட்டு எல்லோரும் நிற்பார்கள், ஆர்கன் தனியாக முன்னால் போகும். இப்படிப்பட்ட ஒரு பாட்டை ஒருநாள் மூச்சு இருக்கும் இடத்தில் உடைத்து வைத்தேன். அன்றைக்கு அந்த வரி ஒரே வீச்சில் எழுந்தது. பாடியவர்கள் யாருக்கும் எதுவும் மாறியதாகத் தெரியாது. எனக்குப் பின்னங்கழுத்து சிலிர்த்தது.

பின்னணிப் படத்தோடும் போராடினேன். சூரிய உதயத்தின் மேல் வெள்ளை எழுத்து போட்டால் முன்வரிசைக்கு அழகு, பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1, எழுத்து பெரிதாக இருந்தால் 3க்கு 1 என்று இணையப் பக்கங்களுக்கு ஒரு தரம் உண்டு. டிசைன் வகுப்பில் அதைப் பரீட்சைக்காகப் படித்தேன். சேப்பலில், கண் மங்கிய ஒரு முதியவர் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுச் சும்மா நின்றதைப் பார்த்துதான் அது எதற்கு என்று புரிந்தது.

இப்போது என் வேலை இசைக்குறியீட்டுப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது, இடையிடையே ஆல்பம் அட்டைகள். பியானோ வாசிப்பவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது பக்கம் முடியக்கூடாது. ஒரு கைக்கு ஓய்வுக்குறி வரும் இடத்தில் பக்கம் திரும்ப வேண்டும். அதற்காகச் சில நேரம் நான்கு பக்கத்தைப் பின்னோக்கிப் பிரித்து அடுக்குவேன். இரட்டிப்பு நேரம் ஒலிக்கும் சுரத்துக்கு இரட்டிப்பு இடம் கொடுத்தால் பக்கம் பல்லிளிக்கும், கொஞ்சம் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பது கண்ணுக்கும் காதுக்கும் சேர்ந்து தெரிய வேண்டிய விஷயம். டிசைன் மட்டும் படித்தவர்களுக்குப் பக்கம் அழகாக வரும், வாசிக்க வராது. இசை மட்டும் படித்தவர்களுக்கு நேர்மாறு. வெற்றிடம்தான் மௌனம் என்று இரண்டு துறையிலும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வாக்கியம் எனக்கு ஒரு நாளும் உதவியதில்லை. மூச்சு எங்கே என்று தெரிந்ததுதான் உதவியது.

என் அடுத்த கோபம், இரண்டு துறைகளும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. 11ஆம் நூற்றாண்டில் அரெஸ்ஸோ நகரத்துக் குயிடோ என்ற துறவி, பாடகர் சிறுவர்கள் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்து வருடங்களை இழப்பதைப் பார்த்து, சுரங்களைக் கோட்டிலும் கோட்டுக்கு இடையிலும் வைக்கும் முறையைச் சீர்படுத்தினார். எஃப் சுரத்தின் கோட்டுக்குச் சிவப்பு, சி சுரத்தின் கோட்டுக்கு மஞ்சள். இதைக் காலையில் இசை வரலாற்றில் படித்தேன். அன்று மதியமே டிசைன் வகுப்பில் நிறத்தால் தகவலைப் பிரித்துக் காட்டுவது பற்றிப் பாடம், உதாரணம் ரயில் வரைபடம். 1501இல் வெனிஸில் பெட்ருச்சி என்ற அச்சாளர் இசைக் கோடுகளையும் சுரங்களையும் தனித்தனித் தடவையாக ஒரே தாளில் அச்சேற்றினார், கொஞ்சம் விலகினாலும் சுரமே மாறிப்போகும். இது இசைத் துறையில் ஒரு வரிக் குறிப்பு. அடுத்த கட்டடத்தில் நான் இரண்டு நிறப் போஸ்டரை சில்க் ஸ்கிரீனில் இரண்டு மில்லிமீட்டர் விலகலோடு அச்சடித்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன். நடுவில் ஒரு புல்வெளிதான். இந்தப் பக்க ஆசிரியர் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லை.

கால அட்டவணையும் அப்படித்தான். பாடகர் குழு ஒத்திகை நான்கு மணிக்கு. டிசைன் விமர்சன வகுப்பு முடிவது நாலரைக்கு. நான்கு வருடமும். ஒத்திகைக்குத் தாமதமாகப் போனால் ஆல்ட்டோ (தாழ்ந்த பெண்குரல்) வரிசையில் எல்லோரும் காலை மடக்கி வழிவிட வேண்டும். சீக்கிரம் கிளம்பினால் என் போஸ்டரை நான் இல்லாமலே சுவரில் மாட்டி விமர்சித்து முடிப்பார்கள். அரை மணி நேரத்தை நகர்த்தச் சொல்லி இரண்டு துறைக்கும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு துறையும் மற்றதைக் கேட்கச் சொன்னது.

ஆக, அக்காவுக்கு என்ன சொல்வது? மேலே எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் சேரலாம் என்றுதான் வர வேண்டும். இதைவிட நல்ல கல்வி எனக்கு வேறெங்கும் கிடைத்திருக்காது. ஆனாலும் என் பதில், வேண்டாம். நேற்று இரவு பழைய கல்லூரியிலிருந்து செய்தி வந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனைக்குப் போஸ்டர், ஸ்லைடு, முறைத் தாள், மூன்றும் சனிக்கிழமைக்குள் வேண்டுமாம். "உன்னை விட்டா யாரும்மா இருக்கா, இது ஊழியம்தானே." ஏழு வருடத்துக்குப் பிறகும் அதே வாக்கியம். இன்னும் பதில் போடவில்லை.

மகள் சேருவதாகவே முடிவு செய்துவிட்டால், முதல் நாளே இரண்டு கேள்வி கேட்கட்டும். ஒத்திகை எத்தனை மணிக்கு, விமர்சன வகுப்பு எத்தனை மணிக்கு? கல்லூரிக்குச் செய்யும் வேலைக்கு மதிப்பெண்ணா, சம்பளமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். வாங்கின பிறகு, முதல் வாரமே சேப்பலின் கடைசி வரிசைக்குப் பின்னால் இருக்கும் அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காருவதற்குள் போய் உட்கார்ந்துவிடட்டும்.