இரண்டு மறக்குடித் தாயர்: 278-ஆ, 279-ஆ?

புறநானூற்றில் அடுத்தடுத்து வரும் 278, 279 ஆகிய இந்த இரண்டு பாட்டும் போர்வீரர் குடித் தாயரைப் பற்றியவை; பாடியவர்கள் பெண்பாற் புலவர்கள். இரண்டில் எது உயர்ந்தது?

278-இல் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டுபவள் நரம்பெழுந்து தோள் வற்றிய கிழவி. மகன் புறமுதுகிட்டான் என்று பலரும் சொல்ல, அது உண்மையானால் அவன் பாலுண்ட மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களம் புகுகிறாள். பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டதும் பெற்ற நாளைவிடப் பெரிதாக மகிழ்கிறாள். பட்டிமன்றங்களில் கைதட்டல் வாங்கும் பாட்டு.

279 ஒக்கூர் மாசாத்தியாருடையது. முன்னொரு போரில் யானையை வீழ்த்தித் தமையன் மடிந்தான், நேற்று கணவன். இன்றும் போர்ப்பறை. மிச்சமிருப்பது ஒரே மகன். அவனுடைய பரட்டைக் குடுமியில் எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள்.

என் ஓட்டு 279-க்குத்தான். 278-இல் மகன் போய்விட்டான்; பழி நீங்கிய ஆறுதலாவது தாய்க்கு மிச்சம். 279-இல் மகன் உயிரோடு நிற்கிறான், முடிவெடுப்பவள் அவள். ‘கெடுக சிந்தை, கடிது இவள் துணிவே’ (இவள் மனம் கெடட்டும், இவள் துணிவு கொடியது) என்று புலவரே பதறித்தான் தொடங்குகிறார். வெறும் புகழ்ச்சி என்று இதை எப்படிச் சொல்வது? பிள்ளைகளுக்குச் சொல்ல மட்டும் 278 எளிது. கதை சட்டென்று மனதில் ஒட்டும்.