அலைச்சலை உழைப்பு என்று நம்பிய கதை: கலோரி ஆப்போடு இரண்டு வருஷம்

விதை, பூச்சி மருந்து விற்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு ஃபீல்டு வேலை. காலையில் கிருஷ்ணகிரியில் வண்டியை எடுத்தால் காவேரிப்பட்டணம், பாலக்கோடு, காரிமங்கலம் என்று டீலர் கடைகளைச் சுற்றிவிட்டு வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். ஒரு நாளைக்கு 80, 90 கிலோமீட்டர். வண்டியை விட்டு இறங்கும்போது இடுப்பு கழன்றுபோன மாதிரி இருக்கும். அதனால் இரண்டு வருஷத்துக்கு முன்பு கலோரி கணக்குப் பார்க்கும் ஆப் ஒன்றைப் போனில் ஏற்றி, ‘உங்கள் அன்றாட வேலை எப்படிப்பட்டது?’ என்று அது கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை.

நாலு படிகள் இருந்தன. உட்கார்ந்த வேலை, லேசான உழைப்பு, நடுத்தர உழைப்பு, கடும் உழைப்பு. ஒவ்வொன்றுக்கும் உதாரணம் வேறு. கடும் உழைப்புக்கு எதிரே தச்சர், ‘பைக் மெசஞ்சர்’ என்று போட்டிருந்தது. அட, நம்ம வேலைதான் என்று சந்தோஷமாகிவிட்டது. அது வெளிநாட்டு நகரங்களில் நாள் முழுக்க சைக்கிள் மிதித்துத் தபால் கொண்டுபோகிறவரைச் சொல்கிறது என்று எனக்குப் பல மாதம் கழித்துத்தான் புரிந்தது. நம் ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள்தானே. சரி, ரொம்பப் பெருமையடிக்க வேண்டாம் என்று ஒரு படி இறங்கி ‘நடுத்தரம்’ போட்டேன்.

அந்த ஒரு தொடுதலில் என்ன நடந்தது என்பதை எண்களோடு சொன்னால்தான் விளங்கும். அப்போது எனக்கு 38 வயது, 170 செ.மீ. உயரம், 84 கிலோ எடை. பெரும்பாலான ஆப்களுக்கு அடிப்படை 1990இல் வந்த மிஃப்லின் – செயின்ட் ஜியோர் சூத்திரம். எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, ஆணாக இருந்தால் 5 கூட்ட வேண்டும். பெண்ணாக இருந்தால் 161 கழிக்க வேண்டும். எனக்கு வந்தது சுமார் 1,718. சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்பு செலவழிக்கும் கலோரி இது. இதை உட்கார்ந்த வேலைக்கு 1.2, லேசான உழைப்புக்கு 1.375, நடுத்தரத்துக்கு 1.55 என்று பெருக்குவது வழக்கம். 1.2 என்றால் 2,061. 1.55 என்றால் 2,662. வித்தியாசம் 600 கலோரி! எடை குறைக்க ஆப் கழித்ததோ வெறும் 500. அதாவது ‘தினம் 2,162 சாப்பிடுங்கள், இளைத்துவிடுவீர்கள்’ என்று அது சொன்னபோது, உட்கார்ந்தே இருப்பவன் செலவழிப்பதைவிட எனக்கு அதிகமாகவே அளந்து போட்டிருந்தது.

கூடவே இன்னொரு கோளாறு. சாயங்காலம் அரை மணி நேரம் நடப்பேன். அதைத் தனியாகப் பதிந்தால் ஆப் 150 கலோரி கூடுதலாகச் சாப்பிடக் கொடுக்கும். நடப்பதையும் மனதில் வைத்துத்தான் ‘நடுத்தரம்’ போட்டிருந்தேன்; மறுபடி அதையே பதிந்து வரவு வைத்துக்கொண்டேன். ஒரே மூட்டைக்கு இரண்டு முறை எடை போட்ட கதை. சில ஆப்களில் படியைத் தேர்ந்தெடுக்கும்போதே உடற்பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், சிலவற்றில் அதை விட்டுவிட்டு வேலையை மட்டும் சொல்ல வேண்டும். சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், படித்துவிடுங்கள்.

மூன்று மாதம் களி உருண்டையைக்கூடத் தராசில் வைக்காமல் விடவில்லை. மாவாகவே அளந்துவிடுவேன், 100 கிராம் கேழ்வரகு மாவுக்கு ஏறக்குறைய 320 கலோரி. முடிவில் எடை 85. ஒரு கிலோ ஏறியிருந்தது. சமையல்கட்டில் நின்று புலம்பினேன். “நாள் பூரா அலையறேம்மா, அப்படியும் இறங்க மாட்டேங்குது.” அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: “வண்டியில உக்காந்துதானடா போற? வண்டி ஓடுது. நீயா ஓடுற?”

சுருக்கென்றது. வெயில், தூசி, லாரிக்கு நடுவே புகுந்து வருவது, டீலரிடம் பாக்கி கேட்டுக் கெஞ்சுவது எல்லாம் சேர்ந்து ஆளைக் களைக்க வைக்கின்றன. ஆனால் களைப்பு வேறு, கலோரிச் செலவு வேறு. வண்டி ஓட்டுவதில் கொஞ்சம் செலவாகும்தான், நான் நினைத்த அளவு இல்லை. கடையில் போய் இறங்கினாலும் நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ கொடுத்துவிடுவார்கள்.

நிஜமாக எவ்வளவு நடக்கிறேன் என்று போனில் அடிக்கணக்கு பார்த்தேன். மண் பாதையில் வண்டி குலுங்கும்போது சட்டைப் பையில் இருந்த போன் அதையும் நடை என்று எண்ணிக்கொண்டிருந்தது. போனை டேங்க் பைக்கு மாற்றிய பிறகு, சாயங்கால நடையையும் சேர்த்தே 4,500 அடி தாண்டவில்லை.

அடுத்த தப்பு எதிர்ப்பக்கம். கோபத்தில் ‘உட்கார்ந்த வேலை’ போட்டு, 500 கழித்து, 1,570 கலோரியில் இறங்கினேன். பத்தாவது நாள் காரிமங்கலம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் நாலு போண்டா. அதோடு அது முடிந்தது.

அப்புறம் செய்ததுதான் உருப்படியான வேலை. எந்தப் படி சரி என்று ஆப்பிடம் கேட்பதை விட்டுவிட்டு உடம்பிடம் கேட்டேன். நாலு வாரம், தினமும் சராசரி 1,900 கலோரி. காலையில் கழிவறை போய் வந்த பிறகு எடை. ஒரு நாள் எடையைப் பார்க்காமல் வாரச் சராசரியை மட்டும் எழுதினேன். 28 நாளில் 900 கிராம் குறைந்தது. ஒரு கிலோ கொழுப்புக்குத் தோராயமாக 7,700 கலோரி என்று வைத்தால், நாளுக்கு 250 குறைவாகச் சாப்பிட்டிருக்கிறேன். ஆக என் செலவு 2,150 சொச்சம். அன்றைய அடிப்படைக் கணக்கால் வகுத்தால் 1.25. உட்கார்ந்த வேலைக்கும் லேசான உழைப்புக்கும் நடுவே, ஆப்பில் இல்லாத ஒரு படி! இதில் ஒரு வசதி உண்டு. தாளிக்கும் எண்ணெயை நான் எப்போதும் கொஞ்சம் குறைத்தே எழுதுவேன். தினமும் அதே அளவு தப்பு செய்தால் அதுவும் இந்த எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

1.25ஐ வைத்து நானே இலக்கைக் கையால் போட்டுக்கொண்டேன். மெதுவாக இறங்கியது. ஐந்து கிலோ குறைந்த பிறகு நின்றுவிட்டது. எடை குறைந்தால் அடிப்படைச் செலவும் குறையும், கிலோவுக்குப் பத்து கலோரி வீதம். பழைய எண்ணையே வைத்திருந்தேன், திருத்தினேன். இப்போது 77.5.

எங்கள் பக்கத்து ஆட்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு. காய் இறங்கும் சமயத்தில் லீவு போட்டும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் தோப்பில்தான் இருப்பேன். பெங்களூரா காயைப் பறித்து, கிரேட்டில் அடுக்கி, டெம்போவில் ஏற்றும் நாட்களில் அடிக்கணக்கு 13,000 தாண்டும். அந்த நாட்களுக்கு 1.25 போதவே போதாது, ராத்திரி கை நடுங்கும். போன சீசனில் ‘நடுத்தரம்’ வைத்தேன், கச்சிதமாக இருந்தது. ஆனால் சீசன் முடிந்தும் திருப்பி மாற்ற மறந்துவிட்டேன். ஆகஸ்ட் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தோப்புக்காரன் சாப்பாடு சாப்பிட்டதில் ஒன்றரை கிலோ ஏறியது.

அம்மாவுக்கும் ஒரு கணக்குத் திறந்தேன். வேலை: வீட்டில். உடனே ‘உட்கார்ந்த வேலை’ என்று ஆப் பரிந்துரைத்தது. இரண்டு மாட்டுக்குப் புல் அறுத்து, பால் கறந்து, சாணி அள்ளுகிறவருக்கு! ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 அட்டவணையில் 55 கிலோ பெண்ணுக்கு உட்கார்ந்த வேலைக்கு 1,660, நடுத்தர உழைப்புக்கு 2,130, கடும் உழைப்புக்கு 2,720 கலோரி. அம்மாவின் வயதுக்கு இது அப்படியே பொருந்தாது என்றாலும், முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பாருங்கள். அவரை ‘நடுத்தர’த்தில் வைத்தேன். பைக் மெசஞ்சர் பக்கத்தில் வைத்தாலும் தகும்.

இந்த வருஷத்துக்கு, தினசரிக் காலண்டரில் ஜூலை கடைசித் தாளில் ‘லெவல் மாத்து’ என்று சிவப்புப் பேனாவில் எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தத் தாளைக் கிழிக்கப் போவது அம்மாதான்.