நெத்தில மாட்டுற மெமரி பேண்ட்: 5க்கு 2 ஸ்டார், அதுவும் கேமுக்குத்தான்

ஓடிபி பாத்துட்டு அடுத்த ஸ்கிரீனுக்கு போறதுக்குள்ள நம்பர் மறந்துடுதேன்னு பொலம்பிட்டு இருந்த நேரத்துல கரெக்டா விளம்பரம் வந்துச்சு, இந்த பேண்ட மாட்டிக்கிட்டு கேம் ஆடுனா உங்க விஷுவல் மெமரி எவ்ளோன்னு மூளை சிக்னல வெச்சே காட்டும், 30 நாள்ல ஏத்தியும் விடும்னு. 14,999 ரூபா. வாங்கிட்டேன். (ஓடிபிய நாம கண்ணால வெச்சுக்கறதே இல்ல, வாய்க்குள்ள முணுமுணுத்துதான் வெச்சுக்கறோம்ங்கிறது வாங்குன அப்புறம்தான் மண்டைல ஏறுச்சு.)

மொதல்ல நல்லத சொல்லிடறேன். கேம் எல்லாம் அருமை. ஒண்ணுல மூணு வரிசையா 12 எழுத்து பளிச்சுன்னு வந்துட்டு போயிடும், எல்லாத்தையும் சொல்லுன்னா 4, 5க்கு மேல வராது. ஆனா எழுத்து மறைஞ்ச ஒடனே ஒரு பீப் அடிக்கும், கீச்சுன்னு அடிச்சா மேல் வரிசை, நடுத்தரமா அடிச்சா நடு வரிசை, கட்டக்குரல்ல அடிச்சா கீழ் வரிசை, அத மட்டும் சொல்லுன்னா 4ல 3 சொல்லிடறேன். எந்த வரிசைய கேப்பான்னு முன்னாடியே தெரியாதுல்ல, அப்ப வரிசைக்கு 3ன்னு 9 எழுத்தாவது அந்த நொடி உள்ள இருந்திருக்கு, வாய தொறந்து சொல்றதுக்குள்ள கரைஞ்சு போயிடுது. 1960ல ஜார்ஜ் ஸ்பெர்லிங்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் பண்ணுன சோதனை, அப்படியே தூக்கி வெச்சிருக்காங்க. பீப்ப ஒரு செகண்ட் தள்ளி வெச்சு பாத்தேன், மறுபடி பழைய 4தான்.

இன்னொண்ணு கலர் கட்டம். கட்டம் வரும், போகும், திரும்ப வரும், கலர் மாறிச்சா இல்லையான்னு சொல்லணும். இதுவும் 1997ல லக், வோகல்னு ரெண்டு பேர் பண்ணதுதான். 3 கட்டம் வரைக்கும் ஜம்முனு போவுது, 8 வந்தா குருட்டாம்போக்குதான். ஆனா கட்டம் மறைஞ்சு ஒரு செகண்ட் கழிச்சு, அடுத்த படம் வர்றதுக்கு முன்னாடி, எந்த கட்டத்த கேக்கப் போறாங்கன்னு அம்புக்குறி காட்டுனா அப்பவும் ஸ்கோர் ஏறுது பாருங்க, அது எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. மின்னல் மாதிரி கரையற ரகமும் இல்ல, கெட்டியா புடிச்சு வெச்சிருக்கற அந்த 3, 4ம் இல்ல, நடுவுல ஒண்ணு. அடுத்த படம் வந்துட்டா அவ்ளோதான், அழிஞ்சுடும்.

இப்ப பேண்டுக்கு வருவோம். நெத்தில ரெண்டு சென்சார், காதுக்கு பின்னாடி ரெண்டு, அவ்ளோதான். ஆனா இந்த கலர் கட்ட விளையாட்டுல ஆளுக்கு ஆள் எவ்ளோ புடிச்சு வெச்சிருக்காங்கன்னு காட்டுற சிக்னல் வர்றது பின்மண்டைல! இடது பக்க கட்டங்கள நினைவு வைன்னா வலது பின்பக்கம் அந்த அலை தெரியும், கட்டம் கூட கூட அதுவும் கூடும், 3, 4 வந்ததும் அப்படியே நின்னுடும். 2004ல வோகலும் மச்சிசாவாவும் காட்டுனது இது, அதுவும் தலை முழுக்க எலக்ட்ரோட் ஒட்டி, நூத்துக்கணக்கான தடவ ஆட விட்டு சராசரி எடுத்து. நெத்திப் பக்கம் மூளைக்கு வேலையே இல்லன்னு சொல்லல, அங்க காந்தத்தால தொந்தரவு பண்ணுனப்ப அந்த கெட்டியான ரகம் அடி வாங்குச்சு, நடுவுல சொன்ன ரகம் தப்பிச்சுதுன்னு ஒரு ஆராய்ச்சியே இருக்கு. ஆனா நாலு சென்சார் பேண்ட் அத எப்படி ஒரே ஆட்டத்துல படிக்கும்?

சந்தேகம் வந்து ஒருநாள் கேம் ஆடாம சும்மா ஒக்காந்து கண்ண மட்டும் படபடன்னு கொட்டுனேன். 'மெமரி பவர்' 62லேர்ந்து 88! கண் சிமிட்டறதுதான் நெத்தி சென்சார்ல பெரிய சிக்னலா விழும். கஸ்டமர் கேர்ல கேட்டா "உங்க ஃபோகஸ் இம்ப்ரூவ் ஆயிருக்கு சார்"ங்கறாங்க.

30 நாள் கழிச்சு? அந்த கேம்ல ஸ்கோர் ஏறிச்சு, பைக்க எங்க நிறுத்துனேன்னு இன்னமும் தேடிட்டுதான் இருக்கேன். இப்படி ஆடுனா வேலைல, படிப்புல ஜொலிக்கலாம்னு விளம்பரம் பண்ணதுக்கு 2016ல அமெரிக்காவுல லுமாசிட்டிங்கற மூளைப் பயிற்சி கேம் கம்பெனிக்காரங்க 20 லட்சம் டாலர் கட்டுனாங்க, அத முன்னாடியே படிச்சிருக்கணும் நான்.

கேம் ஃப்ரீ வெர்ஷன்லயே கெடைக்குது, இறக்கி ஆடுங்க, வீட்ல எல்லாரையும் ஆட விடுங்க. பேண்ட் வேணும்னா பாதி விலைக்கு தர்றேன், டப்பா, சார்ஜர் எல்லாம் பத்திரமா இருக்கு, பில்ல மட்டும் எங்க வெச்சேன்னு தெரியல.